ஒரு 45 டிகிரி வித்தியாசம்

உங்கள் வீட்டைத் தாங்கி நிற்கிற தூண்கள் மொத்தம் எத்தனை?

சிரிக்காதீர்கள், சீரியஸாகத்தான் கேட்கிறேன். ஹாலில் போட்டிருக்கிற டைல்ஸ் எந்த கம்பெனி, சதுர அடி என்ன விலை, பாத்ரூம் குழாய் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வீர்கள். மாடுலர் கிச்சனுக்கு எவ்வளவு ஆச்சு என்று பைசா சுத்தமாகக் கணக்கு ஒப்பிப்பீர்கள். அந்த ஹாலையும் கிச்சனையும், அங்கே படுத்துத் தூங்குகிற உங்கள் குழந்தைகளையும் சேர்த்துத் தலைமேல் சுமக்கிற தூணுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும், 'அதெல்லாம் பில்டர் பார்த்துப்பார் சார்.'

பில்டரைக் கேளுங்கள். இன்ஜினீயர் பார்த்துப்பார் என்பார். இன்ஜினீயர் மேஸ்திரியைக் கை காட்டுவார். மேஸ்திரி, கம்பி கட்டுகிறவரிடம் விட்டிருப்பார். ஆக மொத்தம், நாள் கூலிக்கு வந்து, கொளுத்துகிற வெயிலில் குந்தி உட்கார்ந்து கம்பி வளைக்கிற ஒரு பையனிடம்தான் உங்கள் குடும்பத்தின் ஆயுசு ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பையனிடம் இதை யாருமே சொல்லவில்லை என்பதுதான் இந்த வாரத்து வயிற்றெரிச்சல்.

விஷயத்துக்கு வருகிறேன். தூணுக்குள் நெட்டுக்குத்தாக நாலோ ஆறோ எட்டோ தடித்த கம்பிகள் நிற்கும். அவற்றைச் சுற்றி, வரிசையாக, சதுரமாக வளைத்த மெல்லிய கம்பி இருக்கும். சைட்டில் அதற்கு 'ரிங்' என்று பெயர். ரிங்கின் இரண்டு முனைகளும் ஏதாவது ஒரு மூலையில் வந்து சேரும். அந்த முனையை எப்படி மடிப்பது என்பதில்தான் சூட்சுமம். நிறைய சைட்டுகளில் 90 டிகிரியில், 'ட' எழுத்து மாதிரி மடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 135 டிகிரி மடிக்க வேண்டும் என்பது விதி. அதாவது கம்பி முனை திரும்பி, தூணின் வயிற்றுக்குள் நுழைய வேண்டும். இதை நான் சொல்லவில்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ். 13920 என்று நம்பர் போட்டு 1993-லேயே எழுதி வைத்து, 2016-ல் திருத்தியும் வெளியிட்டுவிட்டது.

என்ன பெரிய வித்தியாசம்? பூமி ஆடும்போது தூணின் மேல்தோல் காங்கிரீட்தான் முதலில் உதிரும். 90 டிகிரி ரிங்கின் முனை அந்த மேல்தோலின் தயவில்தான் நிற்கிறது. தோல் போனதும் சாக்கு மூட்டையின் வாய்க்கட்டு அவிழ்ந்த மாதிரி ரிங் திறந்துகொள்ளும். நெட்டுக் கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கும். உள்ளே இருக்கிற காங்கிரீட் பொலபொலவென்று கொட்டும். மேல் மாடி கீழே வந்து உட்காரும். 135 டிகிரி ரிங் உள்ளே கொக்கி போட்டுப் பிடித்திருப்பதால் லேசில் விடாது. தூண் விரியும், சாயும், கோரமாகக்கூட நிற்கும். ஆனால் நீங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுகிற வரைக்கும் நிற்க முயற்சி செய்யும்.

வித்தியாசம் 45 டிகிரி. செலவு, ஒரு ரிங்குக்குக் கொஞ்சம் கூடுதல் கம்பி, சில விநாடி கூடுதல் வேலை. அவ்வளவுதான்.

'நம்ம ஊர்ல பூகம்பமா? சும்மா பயமுறுத்தாதீங்க சார்' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. 2001 செப்டம்பர் 25-ஆம் தேதி புதுச்சேரிக்கு அருகே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்து, சென்னையில் ஜனங்கள் வீட்டை விட்டுத் தெருவுக்கு ஓடி வந்தது ஞாபகம் இருக்கிறதா? மறு வருஷமே, 2002-ல், திருத்தப்பட்ட நில நடுக்க வரைபடத்தில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. மூன்றாம் மண்டலம் என்றால் மேலே சொன்ன கொக்கி கட்டாயம். பூமி என்றைக்கு ஆடும் என்று எந்த விஞ்ஞானியாலும் தேதி சொல்ல முடியாது. கொக்கியை எப்படி மடிப்பது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அதைச் சொல்லிவிட்டார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அகமதாபாத் சாட்சி. 2001 ஜனவரி 26, குடியரசு தினம், காலை 8:46 மணி. குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் பூமி குலுங்கியது. அளவு 7.7. அரசுக் கணக்குப்படியே 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பூகம்ப மையத்திலிருந்து அகமதாபாத் 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கேயும் அடுக்கு மாடிகள் சரிந்து நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். சரிந்தவற்றில் பல எப்படிப்பட்ட கட்டடங்கள்? கீழ்த்தளத்தில் கார் நிறுத்துவதற்காகச் சுவரே இல்லாமல் வெறும் தூண். மேலே நாலு மாடிக்குச் சுவர், ஜன்னல், பால்கனி எல்லாம். உடம்பு பயில்வான், கால் மட்டும் நோஞ்சான். ஆடுகிற ஆட்டம் முழுக்கக் கீழ்த்தளத் தூண்களின் மேல்தான் இறங்கும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? மாடியிலிருந்து எட்டிப் பாருங்கள், உங்கள் கார் நிற்கிற இடம்தான்.

அதே பூகம்பத்தில் அதே கட்ச் மாவட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. அங்கே கிராமத்து ஜனங்கள் 'பூங்கா' என்று ஒரு வட்ட வடிவ மண் வீடு கட்டுவார்கள். பூந்தோட்டம் இல்லை, அவர்கள் பாஷையில் வீட்டுக்கே அதுதான் பெயர். தடித்த மண் சுவர், மேலே லேசான புல் கூரை. அந்த வீடுகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. வட்டச் சுவருக்கு மூலை கிடையாது. மூலை இல்லாததால் பிளந்துகொள்ளவும் வழி குறைவு. கூரை கனமில்லை. கட்டியவர்கள் யாரும் ஐ.ஐ.டி.யில் படிக்கவில்லை. ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் பிறகு போய் அவற்றைப் படித்தார்கள்.

ஆக, ஆளைக் கொல்வது பூகம்பம் மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2010 ஜனவரியில் ஹைத்தியில் 7.0 அளவு பூகம்பம். செத்தவர்கள் லட்சத்துக்கு மேல் என்பது பொதுவான கணக்கு. அடுத்த மாதமே சிலியில் 8.8. சக்தியில் இது ஹைத்தியைப் போல சுமார் 500 மடங்கு. சுனாமியையும் சேர்த்து அங்கே செத்தவர்கள் ஐந்நூறு சொச்சம். சிலிக்காரர்களுக்குக் கடவுள் தனியாகக் கருணை காட்டவில்லை. அடிபட்டு அடிபட்டு விதி எழுதினார்கள். எழுதியதை சைட்டில் கடைப்பிடித்தார்கள். கட்டடத்தின் எலும்புக்கூட்டில் கோளாறு என்றால் 10 வருஷத்துக்குப் பொறுப்பு என்று அந்த நாட்டுச் சட்டம் வைத்திருக்கிறது.

நம் நாட்டில்? 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது 'ரெரா', பில்டருக்கு வைத்திருக்கும் பொறுப்பு 5 வருஷம். உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் கம்ப்ரசருக்கு 10 வருஷ வாரன்டி கொடுத்து விற்கிறார்கள். ஃப்ரிட்ஜை வைத்திருக்கிற வீட்டுக்கு அதில் பாதி. ஃப்ரிட்ஜ் கெட்டுப்போனால் தயிர் புளிக்கும். வீடு கெட்டுப்போனால்?

சரி, இது பணம் போட்டு ஃப்ளாட் வாங்குகிறவர்கள் கதை. எல்லாம் இடிந்து விழுந்த பிறகு ஏழை ஜனங்களுக்குத் திரும்பக் கட்டிக் கொடுக்கிறார்களே, அது இன்னும் பெரிய கூத்து.

மகாராஷ்டிராவின் லாத்தூர் பக்கம் 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் பூகம்பம். கனமான கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அரசாங்கம் 52 கிராமங்களைப் புது இடத்துக்கு மாற்றியது. கான்ட்ராக்டர்கள் வந்தார்கள். கட்டம் போட்ட நோட்டு மாதிரி நேர்நேராகத் தெரு, அச்சு வார்த்த மாதிரி வீடு. மாடு எங்கே கட்டுவது, தானியம் எங்கே காயப்போடுவது என்று விவசாயியைக் கேட்டு வரைந்த வீடா அது? வீடு கொடுத்தார்கள், வித்தையைக் கொடுக்கவில்லை. குடும்பம் பெருத்ததும் ஜனங்கள் பக்கத்தில் கூடுதல் அறை எடுத்தார்கள். எப்படி? பலர் பழையபடி, தெரிந்தபடி கல்லை அடுக்கித்தான்.

குஜராத்திலும் முதலில் ஊரையே இடம் மாற்றுகிற யோசனைதான் வந்தது. பெரும்பாலான கிராமங்கள் 'எங்க ஊரை விட்டு நகர மாட்டோம்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டன. அதனால் வேறு வழி பிறந்தது. வீட்டுக்காரர் கையிலேயே பணம், ஆனால் தவணையாக. முதல் தவணைக்கு அஸ்திவாரம் போடு, இன்ஜினீயர் வந்து பார்ப்பார், சரியாக இருந்தால் அடுத்த தவணை. கூடவே ஆயிரக்கணக்கான கொத்தனார்களுக்குப் பயிற்சி. இப்படிச் சுமார் இரண்டு லட்சம் வீடுகள் திரும்ப எழுந்தன. பெரும்பாலானவற்றை வீட்டுக்காரர்களே முன்நின்று கட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்து தானமாகக் கட்டிக் கொடுத்த வீடுகளில் குடியேறியவர்களைவிட, காசு வாங்கித் தாங்களே கட்டியவர்கள்தான் திருப்தியாக இருந்தார்கள் என்று பின்னால் போய் விசாரித்த ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள்.

'கையில காசு கொடுத்தா குடிச்சே அழிச்சிடுவான் சார்' என்று ஒரு குரல் எப்போதும் வரும். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அநேகமாக ஹோம் லோன் வாங்கியிருப்பார். உங்கள் பேங்க் என்ன செய்தது? உங்களுக்காக டெண்டர் விட்டு வீடு கட்டித் தந்ததா? மொத்தப் பணத்தையும் முதல் நாளே நீட்டியதா? அஸ்திவாரம் எழும்பியதும் கொஞ்சம், தளம் போட்டதும் கொஞ்சம் என்று ஆள் அனுப்பிப் பார்த்துப் பார்த்துத்தானே கொடுத்தது? மாதச் சம்பளக்காரருக்கு இது பேங்கிங் நடைமுறை. மீனவருக்கும் விவசாயிக்கும் என்றால் குடித்து அழிப்பார்கள். என்ன நியாயம் இது?

இப்போது நம் நாகப்பட்டினம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்தோம். மூன்றே மாதத்தில், 2005 மார்ச்சில், அரசாணை வந்தது. 325 சதுர அடி, ஒன்றரை லட்சம் ரூபாய், காங்கிரீட் வீடு. வேகத்துக்கு ஒரு சபாஷ். குடிசையில் இருந்த பலருக்குத் தலைக்கு மேல் கூரை கிடைத்ததையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டியது யார்? பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள், அவர்கள் சார்பில் கான்ட்ராக்டர்கள். புது வீடு வேண்டுமானால் கடலோரத்துப் பழைய வீட்டையும் மனையையும் விட்டுக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை. சில கிராமங்களில் சுனாமியிலேயே சாயாத நல்ல வீடுகள்கூட இடிக்கப்பட்டன. நிழல் தந்த மரங்கள் வேலைக்கு இடைஞ்சல் என்று வெட்டப்பட்டன. வலை வைக்க இடமில்லை. சித்திரை வெயிலில் மொட்டைத் தளத்துக்குக் கீழே தோசைக்கல் சூடு. கடலையே தொழிலாகக் கொண்டவரிடம், 'உனக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்' என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். எதையும் வரவு, செலவு, தேய்மானம் என்றுதான் பார்க்க வரும். உப்புக் காற்றில் நிற்கிற காங்கிரீட் வீடு தேய்மானம் ஆகிற சொத்து. உள்ளே ஒவ்வொரு வருஷமும் கம்பி துருப்பிடிக்கும், மேலே விரிசல் விடும். ஊர்க் கொத்தனாரின் கையில் ஏறிய நல்ல பழக்கம் தேய்மானம் ஆகாத சொத்து. அவர் அடுத்த நாற்பது வருஷத்துக்குக் கட்டுகிற அத்தனை வீட்டிலும் அது வட்டி போட்டுக்கொண்டே இருக்கும். நாம் முதல் சொத்துக்குக் கோடிக்கணக்கில் டெண்டர் விடுகிறோம். இரண்டாவதற்கு? ஒரு நாள் முகாம், ஒரு டீ, ஒரு சர்டிபிகேட்.

ஏன் இப்படி? வரிசையாக நிற்கிற நூறு வீட்டுக்கு ரிப்பன் வெட்டலாம், கல்வெட்டு வைக்கலாம், போட்டோ எடுக்கலாம். கம்பியைச் சரியாக மடிக்கக் கற்றுக்கொண்ட கைக்கு எங்கே கல்வெட்டு வைப்பது?

டெக்னாலஜி என்றாலே நமக்கு சாட்டிலைட், ட்ரோன், செல்போன் ஆப்தான். அவற்றை நான் கிண்டல் செய்யவில்லை. 1999-ல் ஒடிசா சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் செத்தார்கள். 2013-ல் பைலின் புயலில் முன்கூட்டியே லட்சக்கணக்கானோரை அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. ஹைதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. எல்லாம் வேண்டும். ஆனால் எச்சரிக்கை உங்களை வீட்டை விட்டு வெளியே கொண்டுவரும். திரும்பிப் போகும்போது வீடு இருக்க வேண்டுமே?

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிய கஜா புயலில் எத்தனை வீட்டுக் கூரை பறந்தது! தகரக் கூரையைக் காற்று மேலிருந்து அழுத்துவதைவிடக் கீழிருந்து பிய்த்துத் தூக்குவதுதான் அதிகம். அதிலும் ஓரத்திலும் மூலையிலும் உச்சியிலும்தான் இழுவை ஜாஸ்தி. அந்த இடங்களில் ஜே போல்ட்டை நெருக்கி அடிக்க வேண்டும். கூரைச் சட்டத்தைச் சுவரோடும், சுவரை அஸ்திவாரத்தோடும் பிணைக்க வேண்டும். செங்கல் வீடானால், ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே துண்டு துண்டாக லிண்டல் போட்டு நிறுத்தாமல், கம்பி வைத்து வீட்டைச் சுற்றி ஒரே பட்டையாக ஓட்ட வேண்டும். அட்டைப் பெட்டிக்குச் சணல் கயிறு கட்டுகிற அதே தத்துவம். இதுவும் டெக்னாலஜிதான் சார். சார்ஜ் போடத் தேவையில்லாத டெக்னாலஜி.

இதெல்லாம் நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. 1931-ல் பலுசிஸ்தானில் பூகம்பம் வந்த பிறகு, எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே இன்ஜினீயர் குவெட்டாவில் பூகம்பம் தாங்கும் ரயில்வே குவார்ட்டர்ஸை வடிவமைத்தார். 1935 மே 31-ல் குவெட்டா நகரமே தரைமட்டமாகிப் பல்லாயிரம் பேர் மாண்டபோது, அந்த குவார்ட்டர்ஸ் அசராமல் நின்றது. பக்கத்து வீடு மண்ணாகக் கிடக்க, இந்த வீடு நின்றதைப் பார்த்த பிறகும் நாம் கற்றுக்கொள்ள இத்தனை வருஷம் போதவில்லை.

எனவே ஆட்சியாளர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். ஒன்று, அடுத்த பேரிடரில் வீட்டுப் பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுங்கள், தவணையாக, இன்ஜினீயர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. இரண்டு, பேரிடர் வருவதற்கு முன்பே கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் சைட்டிலேயே கற்றுக் கொடுங்கள். கற்றுக்கொள்கிற நாளுக்குக் கூலியும் கொடுங்கள். வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு யாரும் வகுப்புக்கு வர மாட்டார்கள். மூன்று, பில்டரின் பொறுப்பை ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் அளவுக்காவது உயர்த்துங்கள்.

உங்களுக்கும் வேலை இருக்கிறது. வீடு கட்டுகிறீர்களா? தூணுக்குக் காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் சைட்டுக்குப் போங்கள். ரிங்கின் முனை உள்ளே பார்க்கிறதா? தூணின் அடியிலும் உச்சியிலும் ரிங்குகள் சுமார் நாலு அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கி நிற்கின்றனவா? செல்போனில் படம் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் கேக்கை எத்தனை கோணத்தில் எடுக்கிறீர்கள், இதை இரண்டு கோணத்தில் எடுக்கக் கூடாதா? கலவை சரசரவென்று ஓட வேண்டும் என்பதற்காகப் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினால் தடுங்கள். அப்போது ஊற்றுகிற தண்ணீர் விஷம். கெட்டியான பிறகு ஊற்றுகிற தண்ணீர்தான் பால். இப்போது பரவலாக விற்கிற பி.பி.சி. சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரம் காயக் கூடாது.

ஏற்கெனவே ஃப்ளாட்டில் இருக்கிறீர்களா? அடுத்த அசோசியேஷன் மீட்டிங்கில் பெயின்ட், சிசிடிவி, வாட்ச்மேன் சம்பளம் எல்லாம் பேசி முடித்த பிறகு, டீ வருவதற்கு முன்னால், ஒரே ஒரு தீர்மானம் போடுங்கள். ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரைக் கூப்பிட்டு, கார் நிறுத்துகிற இடத்துத் தூண்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பலவீனம் என்றால் சில தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பியோ, தூணையே கனப்படுத்தியோ சரி செய்ய வழி இருக்கிறது. இரண்டு கார் நிறுத்த இடம் குறையும் என்று யாராவது எழுந்து கத்துவார்கள்.

கத்தட்டும். அவருடைய காரும் அதே தூணுக்குக் கீழேதான் நிற்கிறது.